பழுது வைக்கிறவள்

நவம்பர் 4, செவ்வாய்

தேவசகாயம் சார் இன்றைக்குப் புதிதாக ஒரு வேலை சொன்னார். எந்தக் கம்ப்யூட்டரில் என்ன பழுது வைத்தேன் என்று தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். "நீ வச்ச பழுது உனக்கே மறந்துபோச்சுன்னா, அப்புறம் அது நெசப் பழுதாயிரும் வடிவு" என்றார். நியாயம்தான். போன மாதம் ஒரு கீபோர்டில் எழுத்துகளை இடம் மாற்றி வைத்துவிட்டு மறந்துபோய், நானே அதில் அரை மணி நேரம் திண்டாடினேன்.

எழுத உட்கார்ந்தால் பழுதோடு வீட்டுக் கதையும் கூடவே வருகிறது. சாருக்கு வேண்டியதைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, இதை நானே வைத்துக்கொள்ளப் போகிறேன்.

என் வேலையை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் சார் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் நல்லா ஓடுகிற மெஷினைக் கெடுத்து வைப்பதுதான் எனக்குச் சம்பளம். ஆபீசுகளில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் போனை எடுத்து, விசாரித்து, சரிசெய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களே, அந்த ஹெல்ப் டெஸ்க் வேலைக்கு ஆரம்பநிலைச் சான்றிதழ் ஒன்று உண்டு. தேர்வு மதுரையில். பாதிக் கேள்வி நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. மீதிப் பாதி செய்முறை. அந்தச் செய்முறைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தத்தான் நான் பழுது வைக்கிறேன்.

இன்றைய பழுது: மூன்றாம் நம்பர் மெஷினில் மானிட்டர் வயரை முக்கால்வாசி மட்டும் சொருகி வைத்தேன். பார்த்தால் ஒழுங்காகச் சொருகியது போலவே இருக்கும். ஆத்தாடி, என்ன கூத்து! ஒருத்தன் மெஷினைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டான். இன்னொருத்தி மூடியையே கழற்றிவிட்டாள். குனிந்து வயரைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மனுஷர்கள் எதை முதலில் சந்தேகப்படுகிறார்கள் என்று பார்ப்பது எனக்கு அலுக்கவே மாட்டேன் என்கிறது.

ஒருத்தி மட்டும் வந்தாள், குனிந்தாள், வயரை அழுத்தினாள், போய்விட்டாள். வாயைத் திறக்கவில்லை. அவள் மாரீஸ்வரி. என் வீட்டுக்காரரின் தங்கை. என் வீட்டில்தான் இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை.

நவம்பர் 6, வியாழன்

பேச்சு இல்லை என்றால் சண்டை என்று அர்த்தமில்லை. சண்டை போட்டிருந்தாலாவது எதற்கு என்று தெரிந்திருக்கும்.

இன்று காலையில் நான் அடுப்படியில் நிற்கிறேன். அவளும் அங்கேதான் நிற்கிறாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்துச் சொல்கிறாள்: "அண்ணே, சாம்பாருக்கு உப்புப் பத்தலன்னு சொல்லு." அவர் அங்கிருந்தே, "வடிவு, உப்புப் பத்தலையாம்" என்கிறார். "எனக்குக் காது கேக்கும்னு சொல்லுங்க" என்று நானும் அவரிடமே சொன்னேன். என் வீட்டுக்காரர் கனகவேல் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். ஊரெல்லாம் கணக்கெடுத்துவிட்டு வந்து வீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவே போஸ்ட்மேன் வேலையும் பார்க்கிறார், பாவம்.

மாரீஸ்வரி போன வருஷம் சித்திரையில் சாத்தூரிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கினாள். புருஷன் சந்தேகக்காரன். யாரோடு பேசினாய் என்று போனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்து, கடைசியில் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டான். போன் மட்டும் நொறுங்கியிருந்தால் அவள் வந்திருக்க மாட்டாள். கையில் கட்டோடுதான் வந்தாள். அன்றைக்கு நானே தலைக்குத் தண்ணீர் ஊற்றி விட்டேன். இவர் தன் பழைய போனை அவளுக்குக் கொடுத்தார். முதல் வாரம் இரண்டு பேரும் ஒரே தட்டில் முறுக்கு வைத்துத் தின்றுகொண்டு கதை பேசியது நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு நாள் சட்டென்று பேச்சு நின்றுபோனது.

என்ன காரணம் என்று நானும் யோசிக்காமலில்லை. அவள் அரைத்த சட்னியில் காரம் தூக்கல் என்று சொன்னேன், அதுவா? பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு அவளை விட்டுவிட்டுப் போனேன், அதுவா? ஆனால் அவளேதான் வரவில்லை என்றாள். சரி, பேசாவிட்டால் போகட்டும், எனக்கென்ன? கெஞ்சிக்கொண்டு திரிய என்னால் முடியாது.

சாயங்காலம் ஆனால் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டே பாட வீடியோ பார்க்கிறாள். கீழே ஃபேன் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. என் முகம் இருக்கிறதே, அதுதான் தொந்தரவு போல.

நவம்பர் 12, புதன்

முதல் மாதிரித் தேர்வு. ஒரு ஆள் வாடிக்கையாளராக உட்கார்ந்து குறை சொல்ல வேண்டும். படிக்கிறவர் வந்து விசாரித்துச் சரிசெய்ய வேண்டும். வாடிக்கையாளர் வேஷம் எப்போதும் எனக்குத்தான். ஒன்றும் தெரியாத ஆளாக, அவசரக்காரியாக, கோபக்காரியாக எல்லாம் நடிப்பேன். சார் ஓரத்தில் உட்கார்ந்து மார்க் போடுவார்.

மார்க் போடும் விதம்தான் எனக்குப் பிடித்தது. பழுதைச் சரிசெய்தால் பாதி மார்க்குதான். மீதிப் பாதி வாய்க்கு. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாயா? அதற்கு முன்னால் என்ன மாற்றினார்கள் என்று கேட்டாயா? கை வைப்பதற்கு முன் என்ன செய்யப் போகிறாய் என்று சொன்னாயா? முடித்ததும், வாடிக்கையாளரையே வேலை செய்து பார்க்கச் சொன்னாயா? மதுரைத் தேர்விலும் இதேதான், அங்கே திரையில் ஒரு வாடிக்கையாளர் எழுத்தில் பேசுவார், அவ்வளவுதான் வித்தியாசம். போன வருஷம் கைவேலையில் புலி மாதிரி இருந்தவர்கள் பலர் கேள்வி கேட்காமலே தோற்றுப் போனார்கள்.

இன்றைய பழுது: பிரிண்டர் வேலை செய்யாது. உண்மையில் அது வேறொரு பிரிண்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

மாரீஸ்வரி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மவுஸை என் கைக்குப் பக்கத்திலிருந்து, சுடுசட்டியை நகர்த்துவது போல இரண்டு விரலால் நகர்த்திக்கொண்டாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் பிரிண்டர் தாளைத் துப்பியது. எழுந்து போய்விட்டாள்.

"வாயத் தொறந்து ஒரு கேள்வி கேட்டா முத்தா உதிரும்?" என்று சார் பின்னாலேயே கத்தினார்.

"பாத்தாலே தெரிஞ்சுது சார்."

"ஒனக்குத் தெரியும். அந்தம்மாவுக்குத் தெரியணும்ல?"

அந்தம்மா என்றது என்னை. பாதி மார்க். ஃபெயில்.

நவம்பர் 16, ஞாயிறு

சாத்தூரிலிருந்து வரும் வழியில் பெரிய மாமா வந்தார். இவருடைய பெரியப்பா, சீனிச்சாமி. கூடவே அவர் மகன் மோகன். கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுக் கை கழுவும்வரை மழை, விளைச்சல் என்று பேசிக்கொண்டிருந்தவர், வெற்றிலையைப் போட்டுக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"மாப்பிள்ளைய பாத்துட்டுத்தான் வாரேன். இப்பக் குடிக்கிறதில்லையாம். பொம்பளப்புள்ள எத்தன நாளைக்கு அண்ணன் வீட்ல இருக்க முடியும் கனகு? தை பொறந்ததும் நானே கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வாரேன்."

இவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அவ பரீட்சைக்குப் படிக்கா பெரியப்பா. மதுரையில ஒரு கண்ணாஸ்பத்திரியில கம்ப்யூட்டர் வேலைக்குக் கேட்டிருக்காக. சர்டிபிகேட்டு வந்தா எடுத்துக்கிருவாகளாம்."

"வந்தா சரி. வரலன்னா? வேலவெட்டி இல்லாம வீட்ல இருக்கறதுக்குப் புருஷன் வீட்ல இருக்கலாம்ல."

இவருக்கு அதற்கு மேல் பேச்சு வராது. பெரியப்பாதான் வளர்த்தவர். மாரீஸ்வரி காபி கொண்டு வந்தாள். தட்டில் நாலு டம்ளர். நான் வாங்கிக் கொடுத்திருக்கலாம். அவள் கையிலிருந்து வாங்கினால் அதையும் தப்பாக எடுத்துக்கொள்வாளோ என்று சும்மா இருந்துவிட்டேன்.

இந்த நேரத்தில் மோகன், "மதினி, வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்று சத்தமாகக் கேட்டான். "இங்க குடு" என்று போனை வாங்கி நானே அடித்துக் கொடுத்தேன். அத்தனை பேர் முன்னால், அதுவும் அவள் நிற்கும்போது, அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அடித்து முடித்து நிமிர்ந்தால், மாரீஸ்வரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மாடிக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 17, திங்கள்

சாத்தூர்க்காரன் குடிப்பதில்லையாம். குடித்துவிட்டா போனை உடைத்தான்?

நவம்பர் 27, வியாழன்

இரண்டாம் மாதிரித் தேர்வு. இந்தத் தடவை கேள்வி கேட்காமல் கண்டுபிடிக்கவே முடியாத பழுதாக வைத்தேன். அவளுக்காக வைத்தேன் என்றில்லை, எல்லாருக்கும் அதே பழுதுதான். வாடிக்கையாளரின் ஃபைலைக் காணோம். மெஷினில் எங்கே தேடினாலும் கிடைக்காது. ஏனென்றால் நேற்று பென் டிரைவில் எழுதி அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். "கடைசியா எதுல சேவ் பண்ணீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது கதை.

மாரீஸ்வரி தேடினாள். எல்லா ஃபோல்டரையும் திறந்து மூடினாள். அழித்த ஃபைல் போய் விழும் குப்பைத்தொட்டியில்கூடத் தேடினாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்த்துவிட்டது. கேளு, கேளு என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாடிக்கையாளர் தானாகச் சொல்லக் கூடாது என்பது விதி.

கடைசியில் தலையைத் திருப்பி சாரிடம் கேட்டாள்: "நேத்து இவங்க எதுல சேவ் பண்ணாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க சார்."

பேட்ச் முழுக்கச் சிரித்துவிட்டது. சார் மார்க் தாளைக் கீழே வைத்தார். "ஏம்மா, பக்கத்துல உக்காந்திருக்க ஆளுகிட்ட கேக்க நான் எதுக்கு நடுவுல?"

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் எப்படிப் பேசுகிறோமோ, அதை அப்படியே கொண்டுவந்து பரீட்சையில் வைத்துவிட்டாள்.

மறுபடி ஃபெயில். மூன்றாவது மாதிரியிலும் தேறாதவர்களை மதுரைக்கு அனுப்ப மாட்டேன் என்று சார் சொல்லிவிட்டார்.

டிசம்பர் 2, செவ்வாய்

சாரிடம் தனியாகப் போய்ப் பேசினேன். "அடுத்த தடவை வாடிக்கையாளரா வேற யாரையாவது போடுங்க சார். எனக்குத் தொண்டை சரியில்லை."

"தொண்டையா? ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல, அதானே?" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

"அவ தேறணும் சார். தேறுனா மதுரைக்குப் போயிருவா. வீடு எனக்கு நிம்மதியா இருக்கும்." இப்படித்தான் சொன்னேன். காரணம் எதுவாக இருந்தால் என்ன, அவருக்கு வேண்டியது ஒரு காரணம்.

சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "ஆஸ்பத்திரியில அவளுக்குப் பிடிச்சவங்க மட்டுமா போன் பண்ணுவாங்க? சிடுமூஞ்சி டாக்டர் பண்ணுவாரு, எரிஞ்சு விழுற நர்ஸ் பண்ணும். யார்ட்ட கேக்கப் பிடிக்கலயோ அவுங்ககிட்டயே கேக்கத் தெரியுதான்னுதான் பரீட்சையே வைக்கான். நீயே உக்காரு."

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனாலும் எரிச்சலாக வந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து மழை. சாயங்காலம் மொட்டை மாடியில் குடை பிடித்துக்கொண்டு வீடியோ பார்க்கிறாள். கொடியில் நனைந்துகொண்டிருந்த துணியை எடுக்கப் போனபோது பார்த்தேன். குடைக்கு வெளியே முதுகு முழுக்க நனைந்திருந்தது.

கீழே வந்து இவரிடம் கத்தினேன்: "கீழ வந்து படிச்சா நான் என்ன கடிச்சா திம்பேன்? காய்ச்சல் வந்தா யாரு பாக்க?" இவர் மேலே போய் அதைச் சொல்லிவிட்டு வந்தார். "பரவால்லன்னு சொல்லுதா. அப்புறம் அவ போன்ல நெட்டு தீந்துபோச்சாம், ரீசார்ஜ் பண்ணச் சொன்னா."

இப்போதுதானே இவர் போட்டார்? வைஃபை எட்டாத இடமாகப் பார்த்துப் போய் நின்றுகொண்டு, அப்படி என்னதான் பார்க்கிறாளோ. ஆனால் பாட வீடியோதான் பார்க்கிறாள், அதை நானே கண்ணால் பார்த்தேன். கேபிள்களின் வகை பற்றியது. அதில் ஒரு இடத்தில் தப்பாகச் சொல்கிறார்கள். அவளிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. யார் மூலமாகச் சொல்ல?

டிசம்பர் 18, வியாழன்

மூன்றாம் மாதிரித் தேர்வு. அவளுக்கு இது கடைசி.

என்ன பழுது வைப்பது என்று இரண்டு நாளாக மண்டையைக் குடைந்துவிட்டு, சாருடைய பாடத்தில் இருக்கும் ஆகச் சாதாரணமான ஒன்றையே எடுத்தேன். ஐந்தாம் நம்பர் மெஷினில் நெட் வராது. சென்டரின் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, அந்த மெஷினில் மட்டும் பழையதையே விட்டு வைத்தேன். வாடிக்கையாளரின் கதை: எல்லாருக்கும் வருகிறது, எனக்கு மட்டும் வரவில்லை. கேட்கிறவர்களுக்குச் சுலபம். கேட்காவிட்டால் மெஷினைப் பிரித்துப் போட்டாலும் புதுப் பாஸ்வேர்டு கிடைக்காது.

அவள் வந்து உட்கார்ந்தாள். இரண்டு தட்டுத் தட்டினாள். பாஸ்வேர்டு தவறு என்று திரையில் வந்தது. எப்போதும் பறக்கிற கை அப்படியே நின்றுவிட்டது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, இன்றைக்கும் வாயைத் திறக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

திரும்பி என்னை நேராகப் பார்த்தாள்.

"எப்ப இருந்து வரல?"

என்னிடம்தான் கேட்டாள். நடிப்பு மறந்துவிடும் போல இருந்தது.

"கொஞ்ச நாளா."

"அதுக்கு முன்னாடி வந்துச்சா?"

"நல்லா வந்துச்சு."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் வருது. எனக்கு மட்டுந்தான் வரல."

"நிக்கிறதுக்கு முன்னாடி ஏதாவது மாத்துனாங்களா?"

"பாஸ்வேர்ட மாத்திட்டாங்களாம். எனக்கு யாரும் சொல்லல."

சார் தலையை ஆட்டி மார்க் போட்டுக்கொண்டிருந்தார். இதோடு அவள் புதுப் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கினால் போதும். ஆனால் தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

"நீங்க ஏன் கேக்கல?"

அதற்கு என்னிடம் எழுதி வைத்த பதில் கிடையாது. எத்தனை வாடிக்கையாளர் வேஷம் போட்டவள் நான், எடுத்து விட்டேன்: "எப்படிங்க கேக்க? எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் மாத்திருக்காங்கன்னு நெனச்சுட்டேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. பாடத்தில் சொல்லிக் கொடுத்த மாதிரி சமாதானம் சொல்ல ஆரம்பித்தாள். "அப்படி இருக்காதுங்க. சொல்ல விட்டுப்போயிருக்கும், வேற ஒண்ணும்..." அதற்கு மேல் வரவில்லை. தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டிருப்பவள் போல வாயைப் பாதி திறந்தபடி இருந்தாள். பிறகு சாருக்குக் கேட்காத குரலில், "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுப் பாஸ்வேர்டைக் கேட்டாள், அடித்தாள், மவுஸை என் பக்கம் நகர்த்தினாள். "இப்ப வருதான்னு நீங்களே பாருங்க."

வந்தது. சார் எழுந்தே நின்றுவிட்டார். "இப்படில்ல பேசணும்! அழுதுகிட்டே கேட்டா பாரு, மதுரக்காரன் அசந்துருவான்!"

அதே நாள், சாயங்காலம்

மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. பையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் வீட்டு வைஃபைக்கு முதலில் கதவு எண்தான் பாஸ்வேர்டு. தெருவே அதைப் போட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தது. போன வருஷம் சித்திரையில், மாரீஸ்வரி வந்து ஒரு வாரத்தில், அதை மாற்றினேன். இவருக்குச் சொன்னேன். தங்கச்சிக்கும் சொல்லிருங்க என்றும் சொன்னேன்.

"சொன்னீகளா?" என்று கேட்டேன்.

இவர் டீயை ஆற்றிக்கொண்டே, "எந்தப் பாஸ்வேர்டு?" என்றார்.

"ஐயோ, ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். இரண்டு வரியைக் கொண்டு சேர்க்கத் தெரியாத இந்த மனுஷனை நம்பித்தான் இத்தனை நாளும் நாங்கள் குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

அவள் தொட்டியில் சாய்ந்து நின்றிருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. "பாஸ்வேர்ட மாத்துனத உங்க அண்ணன் சொல்லலையா?" என்று கேட்டேன். நடுவில் ஆள் இல்லாமல் பேசி எவ்வளவோ காலமாகிவிட்டது.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "அங்க போனப் பிடுங்குனாரு. இங்க வந்து ஒரு வாரத்துல நெட்டு நின்னுபோச்சு. அதையே இவங்க நாசூக்கா செய்யறாங்கன்னு நெனச்சேன். கேட்டா, இருக்கறதே பெருசு, இதுல இது வேறயான்னு ஆயிரும்ல?"

"ஏட்டி, ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"எப்படிக் கேக்க? அன்னைக்கு மோகன் கேட்டப்ப, எனக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு நீங்களே போன வாங்கி அடிச்சுக் குடுத்தீங்க."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. "அது அதுக்கு இல்ல."

"பின்ன?"

"சத்தமாச் சொல்ல முடியாது. போனை எடு. நீயே அடி."

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எம். ஏ. ஆர். இரண்டு ஈ. எஸ்... அதற்குள் அவள் விரல் நின்றுவிட்டது. மீதியை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் பேர்தானே, அவளே அடித்துக்கொண்டாள்.

தெருப் பையன்களுக்குத் தெரியாத பேராக வேண்டியிருந்தது. வீட்டுக்குப் புதிதாக வந்த பேர் அதுதான். மறக்காது என்று வைத்தேன். வேறொன்றும் காரணமில்லை.

"கீழ வந்தாத்தான் எடுக்கும்" என்றேன். படியில் பாதி இறங்கியதும் போன் டிங்கென்றது. "இப்ப வருதா பாரு" என்றேன். அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும்தான். கத்தரிக்காயை நாளைக்குத்தான் வாங்க வேண்டும்.

டிசம்பர் 19, வெள்ளி

"மதினி, தோசைக்கரண்டிய எங்க வச்சீங்க?" என்று கேட்டாள். என் கையில்தான் இருந்தது, அவசரமாகக் கொடுத்தேன்.

ஜனவரி 5, திங்கள்

மதுரையில் தேர்வு. நானும் கூடப் போனேன். சென்டர் சார்பாகப் போனேன் என்று வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் கேபிள் பற்றி அந்த வீடியோவில் இருந்த தப்பைச் சொன்னேன். "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு மதினி, யார்ட்ட கேக்கன்னு விட்டுட்டேன்" என்றாள்.

உள்ளே விடவில்லை. எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு, என்ன பழுது வைத்திருப்பான் என்று யோசித்து யோசித்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன்.

திரையில் ஒரு வயர்ப் படம். எதை எங்கே சொருக வேண்டும் என்று இழுத்து வைக்க வேண்டும். அப்புறம் ஒரு மெயில் வேலை செய்யாத மெஷின். கடைசியில் கோபக்கார வாடிக்கையாளர் ஒருத்தர், எல்லாம் பெரிய எழுத்திலேயே எழுதுகிறார். போன தடவைச் சரிசெய்ய வந்தவன் சரியில்லை, நீயும் அப்படித்தான் என்கிறார்.

"நீ என்ன எழுதுன?"

"எப்ப இருந்து சார் இப்படின்னு எழுதுனேன். அவரு திரும்பவும் திட்டுனாரு. அதுக்கு முன்னாடி ஏதாவது மாத்துனாங்களான்னு எழுதுனேன். அப்பவும் திட்டிக்கிட்டேதான் சொன்னாரு, ஆனாச் சொல்லிட்டாரு."

ஜனவரி 13, செவ்வாய்

தேறிவிட்டாள்! செய்முறையில் எங்கள் பேட்ச்சில் அவள்தான் முதல். சார் லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, "எல்லாம் நான் ஒன்ன உக்காரச் சொன்னதால" என்று பெருமையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இழுத்துக்கொள்ளட்டும்.

ஜனவரி 18, ஞாயிறு

பெரிய மாமா சொன்னபடியே வந்தார். கார் எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார், நான் மாரீஸ்வரியைப் பார்த்தேன். "அண்ணே, நீ சொல்லு" என்பாள் என்று நினைத்தேன். அவள் யாரையும் கூப்பிடவில்லை. நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"பெரியப்பா, நான் சாத்தூர் போகல. ஆஸ்பத்திரியில வரச் சொல்லிட்டாக. மதுரையில பொம்பளப்புள்ளைக ஹாஸ்டல்ல இருந்துக்கிருவேன்."

"தனியாவா?"

"தனியாத்தான். நீங்க என்னயக் கூட்டிட்டுப் போக வந்தீங்களே, அதுக்கு முன்னாடி நான் போறேனான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் வெற்றிலையை மடித்தபடியே இருந்தார். கடைசியில், "கேக்கலதான்" என்றார். சாப்பிடாமல் கிளம்பினார். வாசலில் நின்று, "ஹாஸ்டல்ல சோறு நல்லாருக்குமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

மதுரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். நான் சாரிடம் சொன்ன மாதிரியே வீடு நிம்மதியாக இருக்கிறது. சத்தமே இல்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

இவர் வேலைக்குப் போனதும் வீட்டில் நெட் நின்றுவிட்டது. எத்தனையோ மெஷினைப் பார்த்தவள்தான் நான். இருந்தாலும் முறைப்படி ஹெல்ப் டெஸ்க்கைக் கூப்பிடுவோம் என்று மதுரைக்குப் போன் போட்டேன். அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை.

"மதினி! என்னாச்சு?"

"வீட்ல நெட்டு வரல மாரீசு."

"எப்ப இருந்து?"

"இப்பத்தான்."

"பக்கத்து வீட்ல வருதா?"

"வருதாம்."

"நிக்கிறதுக்கு முன்னாடி ஏதாவது மாத்துனீங்களா?"

"ஒண்ணும் மாத்தல. பாஸ்வேர்டு அதேதான்."

அவள் குரலில் சிரிப்பு இருந்தது. "ரவுட்டருக்குப் பின்னாடி கேபிள் இருக்கா பாருங்க."

கேபிள் என் இடது கையில் இருந்தது. அதைக் கழற்றியது யார் என்று இங்கே எழுதப் போவதில்லை.

"அத இப்பச் சொருகுங்க. பச்சை வெளக்கு வந்துச்சா இல்லையான்னு சொல்லணும். சரியாகுற வரைக்கும் நான் லைன்லதான் இருக்கணும் மதினி, அதான் ரூலு."

சொருகினேன். அவள் அங்கே ஒரு சிடுமூஞ்சி டாக்டரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஹாஸ்டல் சாம்பாரில் உப்பே இல்லையாம். அதைச் சமையல்காரம்மாவிடம் இவளே நேரில் போய்ச் சொன்னாளாம். நடுநடுவே, "வெளக்கு வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டாள்.

பச்சை விளக்கு எப்போதோ வந்துவிட்டது. அவளுக்கு இடைவேளை முடிகிற வரைக்கும், இன்னும் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.